பழையபடி கெடுத்துக் குடு

என் அக்கா புருஷன் அந்தக் கிட்டார் பெடலைக் குளியல் துண்டில் சுற்றி, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு என் சர்வீஸ் கடைக்குள் வந்தார். பிரசவ வார்டிலிருந்து வெளியே வருகிற நர்ஸுக்குக்கூட முகத்தில் அவ்வளவு பொறுப்பு இருக்காது. ஸ்பீக்கர் வாங்க வந்திருந்த ஒருவர் எழுந்து நின்றே வழிவிட்டார். துண்டை விலக்கினால் சாம்பல் நிறத்தில் ஒரு தகரப் பெட்டி. செங்கல்லில் பாதி அளவு. மேலே மூன்று குமிழ்கள், காலால் மிதிக்க ஒரு ஸ்விட்ச், ஒரு சின்ன விளக்கு.

"உயிர் போயிடுச்சு மாப்ள," என்றார்.

"யாருக்கு மாமா?"

"விளையாடாத. லைட்டு எரியல."

"சத்தம் வருதா?"

"சத்தம் வருது. சத்தம் எப்பவும் வரும். அது இதோட குணம்."

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மின்சாரக் கிட்டாரிலிருந்து, ஆம்ப் என்கிற ஆம்ப்ளிஃபையருக்குச் சத்தம் போகிற வழியில் இப்படி ஒரு பெட்டியைத் தரையில் வைப்பார்கள். மிதித்தால் சத்தம் பெட்டிக்குள்ளே இருக்கிற சர்க்யூட்டைச் சுற்றிக்கொண்டு போகும். போகிற வழியில் தடிக்கும், கரகரக்கும், உறுமும். மறுபடி மிதித்தால் எதையும் தொடாமல் நேர்வழியில் போகும். மிக்ஸியில் இருக்கிற ஸ்விட்சுக்கும் இதற்கும் தத்துவ வித்தியாசம் எதுவும் கிடையாது. இதை மாமாவிடம் சொல்ல முடியாது. சொன்னால் டோனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

டோன் என்றால் சத்தத்தின் குணம் என்று வைத்துக்கொள்ளலாம். மாமா அதை வைத்துத்தான் மனிதராக நடமாடுகிறார். வெளியே அவருக்கு டோன் மாஸ்டர் என்று பெயர். யார் வைத்த பெயர் என்று விசாரித்துக்கொண்டே போனால் கடைசியில் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்போம். பெடலுக்குள் இருக்கிற பேட்டரி எந்தக் கம்பெனி என்பதைக் காதாலேயே சொல்லிவிடுவாராம். அவரிடம் பாடம் கேட்க வருகிறவர்கள் எல்லாம் நாற்பதைத் தாண்டிய, தொப்பையின்மேல் உயர்ந்த ரகக் கிட்டாரைச் சாய்த்து வைத்துக்கொள்கிற பெரிய மனிதர்கள். தலைமைச் சீடர் ஒரு பல் டாக்டர். பல்லைக் குடைகிற மெஷினின் ஓசையிலேயே சுருதி பார்ப்பவர். அந்த நேரத்தில் நாற்காலியில் கிடப்பவர் என்ன பார்ப்பார் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

இந்தப் பெட்டியை மாமா ஒரு பழைய கிட்டார்க்காரரிடமிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் வாங்கினார். விற்றவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம். "குமிழை மட்டும் திருப்பிடாதீங்க. வாழ்நாள் பூரா தேடி நான் கண்டுபிடிச்ச இடம் அது." சொல்லிவிட்டு மூன்று குமிழ்களின் மேலும் கறுப்பு டேப்பை வரிந்து சுற்றிக் கொடுத்துவிட்டார். மாமா அன்று முதல் அந்த டேப்பில் நகம் படவிட்டதில்லை. அக்கா வீட்டைத் தூசி தட்டினால்கூட, "பெட்டிய சுத்தித் தட்டு, பெட்டி மேல தட்டாத" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

"சனிக்கிழமை பெடல் கம்பெனிலேர்ந்து வர்றாங்க," என்றார் மாமா. "இந்தப் பெட்டியோட டோனை அளந்து எடுத்து, அதே மாதிரி பெடல் செஞ்சு, என் கையெழுத்தைப் பெட்டி மேலயே அச்சடிச்சு விக்கப் போறாங்க. வர்றப்ப லைட்டு எரியலன்னா நல்லாவா இருக்கும்? லைட்டை மட்டும் பாரு. உள்ள கை வெச்சிடாத."

கையெழுத்து எனக்கு ஏற்கெனவே தெரிந்த சேதி. அதற்குப் பதிலாகக் கம்பெனி தன் கட்டடத்திலேயே மாமாவுக்கு ஒரு ஸ்டூடியோ அறை ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருந்தது. அந்த அறைதான் விஷயம். மாமாவுக்கு இல்லை, அக்காவுக்கு.

அக்கா பிசியோதெரபிஸ்ட். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே நோயாளிகளைப் பார்க்கிறாள். வீட்டில் வெளிச்சமும் காற்றும் வருகிற ஒரே பெரிய அறையில் மாமாவின் கிட்டார்களும் ஆம்ப்புகளும் வயர்களும் குடியிருந்தன. ஆகவே, இடுப்பு பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் உப்பு ஜாடியை நகர்த்திவிட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் ஏறிப் படுக்க வேண்டும். அக்கா ஆசையாக வாங்கிய சிகிச்சைக் கட்டில் மடித்தபடி ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றது. முதுகு நிமிராதவர்கள் மேஜையிலிருந்து ஏக்கமாக அதைப் பார்ப்பார்கள். "ஒரு வாரத்துல காலி பண்றேன்" என்று மாமா சொல்லாத மாதம் இல்லை. கம்பெனி அறை கிடைத்தால் மறுபேச்சு இல்லாமல் போய்விடுவதாக இந்த முறை சத்தியமே செய்திருந்தார்.

மாமா போனதும் பெட்டியின் அடித்தகட்டைத் திறந்தேன். பேட்டரி எப்போதோ கசிந்து, சுற்றிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. விளக்குக்குப் போகிற கம்பி அதில் அரித்து அறுந்திருந்தது. அதைச் சுரண்டிவிட்டு, புது பேட்டரி போட்டு, வேறு கம்பி வைத்துப் பற்றவைத்தால் விளக்கு எரியும். சின்ன வேலை. மூடிக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் இந்தக் கதை உங்களுக்கு மிச்சம்.

ஆனால் பேட்டரி இவ்வளவு கசிந்த பெட்டியில் சத்தம் எப்படி வருகிறது? அந்தக் கேள்வி என்னைக் குடைந்தது. கோளாறு தேடுவதற்கு என்னிடம் ஒரு வயர் உண்டு. அதன் ஒரு முனை ஆம்ப்பில் இருக்கும். இன்னொரு முனையில் ஒரு கெபாசிட்டரைப் பற்றவைத்திருக்கிறேன். பெட்டிக்குள்ளே சத்தத்தை அனுப்பிவிட்டு, அந்த முனையால் சர்க்யூட்டை ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனால், எங்கே சத்தம் நின்றுபோகிறதோ அங்கேதான் நோய். வாசலில் தொட்டேன், கேட்டது. அடுத்த இடத்தில் தொட்டேன், நிசப்தம். அதற்கடுத்த இடம், அதற்கும் அடுத்தது, எல்லாமே கல்லறை. டிரான்சிஸ்டர் கருகியிருந்தது, கெபாசிட்டர் இரண்டு வீங்கியிருந்தன. ஆனால் வெளியே போகிற வாசலில் தொட்டால் சத்தம் ஜம்மென்று கேட்டது! நடுவழியில் செத்த ஆள் கடைசி ஸ்டாப்பில் இறங்கி நின்று கையாட்டுகிற மாதிரி.

போர்டைத் திருப்பினேன். அடியில் ஒரு சிவப்பு வயர். என் சுண்டுவிரல் நீளம். உள்வாசலிலிருந்து வெளிவாசலுக்கு நேராக இழுத்துப் பற்றவைத்திருந்தது. அதன்மேல் ஏறியிருந்த தூசியைப் பார்த்தால் மாமாவைவிடச் சீனியர்.

விற்ற மகான் என்ன செய்திருக்கிறார் என்று புரிந்ததும் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். பெட்டி அவர் கையிலேயே செத்துவிட்டது. செத்ததை விற்க வேண்டும். சர்க்யூட்டை ஒதுக்கிவிட்டு ஒரு வயரால் குறுக்குவழி போட்டுவிட்டார். மிதித்தால் விளக்கு எரியும், கிட்டார் போன மாதிரியே திரும்பி வரும். குமிழைத் திருப்பினால் சத்தத்தில் ஒன்றும் மாறாது, குட்டு உடைந்துவிடும். அதற்குத்தான் டேப், அதற்குத்தான் வாழ்நாள் தேடல். பத்துப் பன்னிரண்டு வருஷமாக மாமா மிதித்துக்கொண்டிருந்தது ஒரு விளக்கின் ஸ்விட்சை. "இப்ப கேளுங்க" என்று அவர் மிதிப்பார், சீடர்கள் கண்ணை மூடி, "ஆஹா, அந்த வெதுவெதுப்பு!" என்பார்கள்.

இதற்குப் பிறகு நான் செய்ததை நல்லெண்ணம் என்று சொன்னால் நானே நம்ப மாட்டேன். என் கடைக்குள் வந்த ஒரு சர்க்யூட் செத்தபடியே வெளியே போவதா? கர்வம்தான். கூடவே, நிஜமான சத்தம் வரும்போது மாமாவின் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கிற ஆசை. புது டிரான்சிஸ்டர், புது கெபாசிட்டர்கள் போட்டேன். சிவப்பு வயரைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தேன். டேப்பை உரித்து, குமிழ்களை ஒழுங்கான இடத்தில் வைத்து, அதே மாதிரிக் கறுப்பு டேப்பைச் சுற்றினேன். வாசித்துப் பார்த்தேன். பெட்டி கர்ஜித்தது. நல்ல, தடித்த, பிசிறில்லாத கர்ஜனை. என் கையை நானே ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பல் டாக்டர் க்ளினிக்கைப் பூட்டிவிட்டு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் முட்டி ஆபரேஷன் ஆன ஒருவர் மல்லாந்து கிடந்தார். அக்கா அவர் காலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மாமா தன் அறைக் கதவைச் சாத்தக்கூடப் பொறுமையில்லாமல் கிட்டாரை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டு, பெட்டியை மிதித்தார். விளக்கு எரிந்தது. புன்னகைத்தார். தந்தியைத் தட்டினார்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேஜைமேல் கிடந்தவர் உதவியில்லாமல் எழுந்து உட்கார்ந்தார்.

மாமா காலால் பெட்டியை அணைத்தார். தேள் கொட்டின மாதிரி நின்றார்.

"என்ன பண்ணின?"

"லைட்டு போட்டேன் மாமா."

"பொய் சொல்லாத. உள்ள கை வெச்சிருக்க. தகரத்துல ஆணியப் போட்டு உருட்டுற மாதிரி இருக்கு. டாக்டர், நீங்க சொல்லுங்க."

பல் டாக்டர் தலையைச் சாய்த்து, இல்லாத சத்தத்தை இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். "வெதுவெதுப்பு போயிடுச்சு மாஸ்டர். ஈரமே இல்ல. வேர் சிகிச்சை பண்ண பல்லு மாதிரி. பார்க்க பல்லுதான், உணர்ச்சி கிடையாது."

"கேட்டுக்கோ! நாளைக்கு வர வேணாம்னு கம்பெனிக்குச் சொல்லிடப் போறேன். டோன் இல்லாத பெட்டிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"மாமா, ஒரு நிமிஷம். அந்தப் பெட்டிக்குள்ள..." என்று ஆரம்பித்தேன். என் சட்டைக் காலரை யாரோ பின்னாலிருந்து பிடித்தார்கள். அக்கா. நோயாளிகளின் தோள்பட்டையை இடம் மாற்றிப் பொருத்திப் பழகிய கை. என்னை அப்படியே சமையலறைக்கு நகர்த்தி, கட்டிலுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் செருகினாள்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"ரிப்பேர் பண்ணேன்."

"உன்ன யாரு ரிப்பேர் பண்ணச் சொன்னா?"

சிவப்பு வயரைப் பற்றிச் சொன்னேன். அக்கா வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. பக்கத்தில் நின்ற கட்டிலும் கூடவே ஆடியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று நர்ஸிங் ஹோம் முகத்துக்கு வந்தாள்.

"சரி. பழையபடி கெடுத்துக் குடு."

"என்னது?"

"காது கேக்கலையா? அந்த மனுஷனுக்குத்தான் கேக்காது, அது எனக்குக் கல்யாணமான மறுவாரமே தெரியும். உனக்குமா? எப்படி இருந்துச்சோ அப்படியே செத்த மாதிரி ஆக்கிக் குடு. லைட்டு மட்டும் எரியட்டும்."

"அக்கா, எவ்வளவு நேரம் உக்காந்து பண்ண வேலை தெரியுமா? இப்பதான் அது பெடலாவே இருக்கு. உண்மையச் சொல்லிடலாமே."

"சொல்லு. சொன்னா அவர் ஒரு வருஷம் அந்த ரூம்லேர்ந்து வெளியவே வர மாட்டாரு. கதவுக்கு வெளிய தட்டு வெச்சுத் தள்ளணும். உன் கைத்திறமைய நான் ஃபிரேம் போட்டு மாட்டுறேன்டா, என் தங்கம். இப்ப போய்க் கெடு."

கடைக்குத் திரும்பினேன். நல்ல சர்க்யூட்டை ஒதுக்கி, ஒரு வயரை எடுத்துக் குறுக்கே பற்றவைத்தேன். இருபது வருஷத் தொழிலில் இவ்வளவு மனம் நொந்து நான் எதையும் பற்றவைத்ததில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா வாசித்தார். முகம் இளகியது. ஆனால் முழுதாக இல்லை.

"வந்திருக்கு. ஆனா முழுசா வரல. தொண்ணூறு சதவீதம். என்ன டாக்டர்?"

"எண்பத்தஞ்சுனு சொல்லுவேன்," என்றார் பல் டாக்டர். அவருக்கு எதிலும் சீடருக்குரிய கூடுதல் கண்டிப்பு உண்டு.

"பழைய பார்ட்ஸ் எதாவது எடுத்து எறிஞ்சியா?"

"ஒரு சின்ன வயர் மாமா. சிவப்பு."

"அதான்! அதைக் கொண்டா."

பெட்டியோடு கடைக்குத் திரும்பி, குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்து, தேநீர்க் கோப்பைகளுக்கும் ஆரஞ்சுத் தோலுக்கும் நடுவில், சுண்டுவிரல் நீளச் சிவப்பு வயரைத் தேடினேன். கிடைக்கவில்லை. தெருமுனைக்குப் போய் ஒரு காபி குடித்தேன். பெட்டியைத் திறக்காமலேயே எடுத்துக்கொண்டு போய், "கிடைச்சிடுச்சு, போட்டுட்டேன்" என்றேன்.

மாமா வாசித்தார். கண்ணோரத்தில் நீர் கட்டியது. "இது... இதுதான்டா மாப்ள." பல் டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எந்தச் சாதனைக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை காலை கம்பெனியிலிருந்து ஒரு மேனேஜர் அம்மாள் வந்தாள். மாமாவின் அறையில் நாங்கள் எல்லோரும் நெருக்கியடித்து நின்றோம். மாமா கைகொடுத்து முடிப்பதற்குள் அவள் பையிலிருந்து ஒரு மீட்டரையும் லேப்டாப்பையும் எடுத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காதை ஏமாற்றலாம், காதுக்குச் சொந்தக்காரரே உதவி செய்வார். மீட்டரை என்ன செய்வது? உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒன்று என்று அது இரண்டு கோடு போட்டுக் காட்டிவிடுமே. அக்காவைப் பார்த்தேன். அவளுக்கும் புரிந்துவிட்டது.

மேனேஜர் அம்மாள் வயர்களை மாட்டினாள். திரையில் ஒரு கோடு வந்தது. இன்னொரு கோடு வந்து அதன்மேலேயே படுத்துக்கொண்டது. மயிரிழை வித்தியாசம் இல்லை. அவள் பெட்டியை மிதித்தாள், விளக்கு அணைந்தது, கோடு அசையவில்லை. மறுபடி மிதித்தாள். விளக்கு எரிந்தது. கோட்டுக்கு அதில் எந்த அக்கறையும் இல்லை.

"இதோட விசேஷம் என்னன்னு சொல்லுங்க சார்," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கிட்டாரோட சொந்தக் குரலுக்கு இது குறுக்க நிக்காது," என்றார் மாமா. "தன்னைக் காட்டிக்காது. இருக்கறதே தெரியாது. அதுதான் பெரிய தன்மை."

வாழ்க்கையில் முதல் தடவையாக மாமா ஒரு பெடலைப் பற்றி அப்பட்டமான உண்மையைச் சொன்னார்.

அவள் தண்ணீர் கேட்டாள். அக்கா எடுத்து வரப் போக, நானும் பின்னால் போனேன். மேனேஜர் அம்மாள் எங்கள் இருவர் பின்னாலும் சமையலறைக்கே வந்துவிட்டாள்.

"உள்ள யாரு வேலை பாத்தது?"

"நான்தான்," என்றேன்.

"ஒண்ணுமே இல்லையே உள்ள?"

"இருக்கு. இணைப்புதான் இல்ல."

"நல்லது," என்றாள். தண்ணீரைக் குடித்து முடித்தாள். "அளந்த மாதிரி ஒரு ஃபோட்டோ வேணும், அதுக்குத்தான் மீட்டர். பெடல் போன வருஷமே செஞ்சு முடிச்சாச்சு. குடோன் பூரா அடுக்கி வெச்சிருக்கு, ஒரு பய வாங்கல. ஒரு மாஸ்டர் கையெழுத்து இருந்தா போகும்னு மேல சொல்றாங்க. இவர் ஒத்துக்குவாரா?"

"என்ன சத்தம் வரும் அதுல?" என்று கேட்டேன்.

"எல்லாத்துலயும் வர்ற சத்தம்தான். கர்ர்ருனு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தகரத்தில் ஆணி. அக்கா மூடவில்லை. "கையெழுத்து அச்சடிச்ச பெட்டி கொண்டு வந்திருக்கீங்களா?" என்றாள்.

"மாதிரிக்கு ஒண்ணு இருக்கு."

"கையெழுத்து பெருசா தெரியுதா?"

"பெட்டில அதுதான் பெருசு."

"அப்ப வாசிக்கறதுக்கு முன்னாடி அதைக் கையில குடுங்க. கொஞ்ச நேரம் பாக்க விடுங்க. அப்புறம் வாசிக்கச் சொல்லுங்க."

அப்படியே நடந்தது. கறுப்புப் பெட்டி, தங்க நிறத்தில் மாமாவின் கையெழுத்து. மாமா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையெழுத்தின் வாலைக் கட்டைவிரலால் தடவினார். பல் டாக்டர் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "உங்க கையசைவு அப்படியே வந்திருக்கு மாஸ்டர்" என்றார். பிறகு அதைத் தரையில் வைத்து, மிதித்து, வாசித்தார்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெள்ளிக்கிழமை என் பெட்டி போட்ட அதே கர்ஜனை. இல்லை, பொய் சொல்லக் கூடாது. என்னுடையது இதைவிடச் சுத்தம். இதில் அடியில் ஒரு கொசு இரைச்சல் இருந்தது. வயரை ஒழுங்காக எர்த் செய்யவில்லை.

மாமா கண்ணை மூடியபடியே நின்றார். நாங்கள் எல்லோரும் அவர் உதட்டையே பார்த்தோம்.

"பிடிச்சிட்டாங்க," என்றார் மெல்ல. "எப்படியோ பிடிச்சிட்டாங்க. என் டோன்."

"வெதுவெதுப்பு!" என்றார் பல் டாக்டர்.

"அடியில ஒரு மூச்சு கேக்குது பாருங்க டாக்டர், உயிர் மாதிரி."

"நான் சொல்ல வாயெடுத்தேன் மாஸ்டர்!"

கொசுவைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்ததும் நான் பால்கனிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மேனேஜர் அம்மாள் ஒப்பந்தத்தோடு பேனாவை நீட்டிக்கொண்டிருந்தாள், மாமா கையை நீட்டியிருந்தார், நடுவில் அக்காவின் கை இருந்தது.

"வண்டி வரட்டும்," என்றாள் அக்கா.

"எந்த வண்டி?" என்றாள் மேனேஜர் அம்மாள்.

"இந்தச் சாமானெல்லாம் உங்க ஸ்டூடியோவுக்குப் போக வேணாமா? ஏத்தி முடிச்சதும் போடுவாரு."

"அறை அடுத்த மாசம் தர்றதா பேச்சு..."

"அப்ப கையெழுத்தும் அடுத்த மாசம். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல. இவரு டோன் விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு. நேத்துகூட ஒரு பெடல வேணாம்னு தூக்கிப் போட்டாரு. இல்லடா?"

"ஆமா," என்றேன். அதுவும் உண்மைதான்.

மேனேஜர் அம்மாள் அக்காவைச் சற்று நேரம் பார்த்தாள். அவள் அந்தக் காலையில் மரியாதையாகப் பார்த்த ஒரே பொருள் அக்காதான் என்று நினைக்கிறேன். ஃபோனை எடுத்து வண்டிக்குச் சொன்னாள். மாமா இது எதையும் கேட்கவில்லை. தன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் அறை காலி, கையெழுத்தும் ஆயிற்று. ஆம்ப்புகளை மாடிப்படியில் இறக்கியதில் பல் டாக்டருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அக்கா அவருக்கு செவ்வாய்க்கிழமை நேரம் கொடுத்தாள்.

எல்லோரும் போன பிறகுதான் சுவர்கள் கண்ணில் பட்டன. தரையிலிருந்து கூரைவரை, முட்டை அட்டை மாதிரிக் கூம்பு கூம்பாகக் கறுப்பு நுரைத் தகடுகள். சத்தம் வெளியே போகாமலிருக்க மாமா ஒட்டியது. ஜன்னலைத் திறந்தும் அறை குகை மாதிரி இருந்தது. நான் சுரண்டுகிற கத்தியை எடுத்தேன்.

"கிழிச்சு எறிஞ்சிடவா அக்கா?"

"தொடாத. இருக்கட்டும்."

"எதுக்கு?"

"ஆபரேஷன் பண்ண முட்டிய முதல் தடவ மடக்குனா எப்படிக் கத்துவாங்க தெரியுமா? பக்கத்து வீட்டுல போலீசுக்கே ஃபோன் பண்ணிட்டாங்க ஒரு தடவ. நில்லு, இது வேலை செய்யுதானு பாத்துடலாம். நடுவுல நின்னு கத்து. நான் வெளிய நின்னு கேக்கறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நடுவில் நின்றேன். என்ன கத்துவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சிவப்பு வயரைப் பற்றிக் கத்தினேன். விளக்கு ஸ்விட்சைப் பற்றி, கொசு இரைச்சலைப் பற்றி, என் சர்க்யூட் எவ்வளவு சுத்தமாக உறுமியது என்பதைப் பற்றி, பெயர் சொல்லிச் சொல்லி, தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

அக்கா கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"என்னடா நிக்கற? எவ்வளவு நேரம் காத்துட்டு இருக்கேன், கத்து."